ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல: எங்கே பார்ப்பது?

பாகம் பாகமாக விலை விசாரித்து வாங்கி, நீங்களே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டீர்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்று வயிறு கலங்கும். ஆனால் புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. ஏதோ ஒன்று பாதி செருகப்பட்டிருக்கும், அல்லது செருகவே விட்டுப்போயிருக்கும். எந்தப் பாகம் என்று தெரியும்வரை புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

உள்ளே கை வைக்கலாமா? வைக்கலாம், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு. கழற்றியபின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். எதைக் கழற்றி மாட்டும்போதும் இதைச் செய்யுங்கள். எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் எதைப் பார்ப்பது? மானிட்டர் கேபிளை. கேபினெட்டின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இரண்டு இடங்களில் இருக்கலாம். மேலே இருப்பது மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் பலகை). கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டில் (படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் அட்டை). கார்டு போட்டிருந்தால் கேபிளைக் கீழே உள்ளதில் செருகுங்கள்.

கார்டே இல்லை, மேலே செருகினால் படம் வருமா? அது ப்ராசஸரைப் (கணக்குப் போடும் முதன்மைச் சில்லு) பொறுத்தது. இன்டெல் ஐ5-12400-ல் வரும், ஐ5-12400எஃப்-ல் வராது. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் படம் காட்டும் பகுதி அதில் கிடையாது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி-யில் வரும், வெறும் 5600-ல் வராது. விலை குறைகிறதே என்று எஃப் வாங்கி, கார்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இது பழுது இல்லை. கார்டு வரும்வரை அந்தக் கம்ப்யூட்டர் படம் காட்டாது, அவ்வளவுதான்.

ஃபேன் ஓடுகிறதே, அப்படியானால் எல்லாவற்றுக்கும் கரண்ட் போகிறது என்றுதானே அர்த்தம்? இல்லை. ஃபேனை ஓட்டுவது மதர்போர்டின் ஓரத்தில் செருகும் பெரிய 24 ஊசிக் கேபிள். ப்ராசஸருக்குத் தனியாக ஒரு கேபிள் உண்டு. மதர்போர்டின் மேல் இடது மூலையில், 8 ஊசி கொண்ட சிறிய சாக்கெட்டில் அது செருகப்பட வேண்டும். கூலரும் (ப்ராசஸரைக் குளிர்விக்கும் பாகம்) கேபினெட் மூலையும் மறைப்பதால் விட்டுப்போவது மிகச் சுலபம். அது இல்லாவிட்டால் ஃபேன் ஓடும், விளக்கு எரியும், கம்ப்யூட்டர் மட்டும் எழாது.

8 ஊசிக் கேபிள் இரண்டு வகை இருக்கிறதே, எது எங்கே? நான்கும் நான்குமாகப் பிரிவது ப்ராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. துளைகளின் வடிவம் வேறு என்பதால் சரியானது தானாக உட்காரும். அழுத்தித் திணிக்க நேர்ந்தால் தவறானதைப் பிடித்திருக்கிறீர்கள். இன்னொரு எச்சரிக்கை: வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிளை இதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். நல்ல பாகங்கள் எரிந்துபோவது இப்படித்தான்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் ராம் (தற்காலிக நினைவகம்) மீது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதில் நேரம் செலவிடுங்கள். ராமை உட்கார வைக்க நாம் நினைப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பலகை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் விட்டுவிடுகிறோம். கழற்றி, இரண்டு முனையையும் மாறி மாறி அழுத்துங்கள். தாழ்ப்பாள் விழுவதுபோல ‘க்ளிக்’ என்று கேட்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத பக்கம் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எந்த ஸ்லாட்டில் போடுவது? நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரே ஒரு ராம் என்றால் இரண்டாவது. சோதனைக்கும் அதே வழி: ஒரு ராமை மட்டும் அங்கே போட்டு ஓட்டுங்கள். வரவில்லையென்றால் அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பழைய ராம் வாங்கியிருந்தால் அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுச் செருகுங்கள். சர்வீஸ் கடைகளில் காலங்காலமாகச் செய்வதுதான், பலன் தருவதும் உண்டு.

முதல் தடவை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இது தெரியாமல் பலர் நல்ல கம்ப்யூட்டரையே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். டி.டி.ஆர்.5 ராம் போட்டிருந்தால், மதர்போர்டு முதல் முறை அந்த ராமோடு எந்த வேகத்தில் பேசுவது என்று சோதித்துப் பார்க்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஒரு கால் மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

கோளாறு எங்கே என்று மதர்போர்டே சொல்லுமா? இப்போதைய போர்டுகள் பலவும் சொல்லும். ஓரத்தில் நான்கு சிறிய விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். முறையே ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ராம் விளக்கு நின்றால் கூலரையும் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முடுக்கினால் ப்ராசஸர் சாய்ந்து, ராமோடு தொடர்பு விட்டுப்போவது உண்டு. விளக்கின் அர்த்தம் போர்டுக்குப் போர்டு கொஞ்சம் மாறும். பெட்டியோடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வீடியோவும் உங்கள் போர்டைப் பற்றி அதைவிடச் சரியாகச் சொல்லாது.

ப்ராசஸரும் போர்டும் பொருந்தும் என்று கடையில் சொன்னார்களே? துளை பொருந்தினால் மட்டும் போதாது. பயாஸ் (போர்டுக்குள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பழையதாக இருந்தால் புதிய ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையை மாட்டும்போது இது வரும். பின்புறம் ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ பட்டன் இருந்தால் பென் டிரைவ் மூலம் நீங்களே புதுப்பிக்கலாம். இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். அமைப்புகள் குழம்பியிருக்கலாம் என்று தோன்றினால், போர்டில் உள்ள வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

இன்னும் வரவில்லையா? எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்.; தேவைப்பட்டால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு. பவர் பட்டனுக்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடத் தொடங்கும். இங்கே படம் வந்தால் கோளாறு கேபினெட்டிலோ, வெளியே எடுத்துவைத்த பாகங்களிலோ இருக்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுக்கால் ஒன்று தவறான இடத்தில் நின்று பின்பக்கத்தைத் தொட்டிருக்கலாம். படம் வந்தபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

இந்த நிலையிலும் திரை கறுப்பாக இருந்தால், நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதன் கேபிள்களோடு கேட்டு வாங்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் எழவில்லையென்றால் பில்லோடு கடைக்குப் போகலாம். கொண்டுபோகுமுன் இன்டெல், ஏ.எம்.5 போர்டுகளில் ப்ராசஸரைக் கழற்றினால், சாக்கெட்டுக்கு முதலில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அங்கே ஒரு ஊசி வளைந்திருந்தாலும் வாரண்டி தர மாட்டார்கள்.