ஊசிக்கு அஞ்சும் உழைப்பாளிக்கு!

"மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் போட்டாக வேண்டும்" என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, தோழர் ஒருவர் நமது படிப்பகத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். தறிப் பட்டறையில் முப்பது ஆண்டு நின்ற கால்கள் அவருடையவை. தடியடிக்கு அஞ்சாதவர். சிறைக்கு அஞ்சாதவர். நெல்மணி நீளமுள்ள ஊசிமுனைக்கு அஞ்சி, "அவ்வளவுதானா அண்ணே, என் கதை முடிந்ததா?" என்று கேட்டார்.

சிரிப்பதா, சினப்பதா? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'ஊசி என்றால் கடைசிக் கட்டம்' என்று தெருவெல்லாம் பேசுகிறது. "எதிர்வீட்டுக்காரர் ஊசி போட்டார், ஆறே மாதத்தில் காலை எடுத்துவிட்டார்கள்" என்பார்கள். காலைக் கெடுத்தது ஊசியா? ஊசி வேண்டாம் என்று அவர் கடத்திய ஆண்டுகளா? அதை யாரும் கேட்பதில்லை!

மாத்திரை ஏன் தோற்கிறது? சில மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. தட்டி வேலை வாங்க ஆள் இருக்கவேண்டாமா? பட்டறையில் பாதித் தறி நின்றபின், மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் துணி வருமா? இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். நோய் தெரியவந்த நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருந்தது. பிறகும் அது குறைந்துகொண்டே வந்தது. இது நோயின் போக்கு, தோழர்களே! நோயாளி செய்த குற்றமன்று. அறுவைக்காகவோ, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியதாலோ ஊசிக்கு வந்து, அடங்கியபின் மாத்திரைக்கே திரும்பியவர்களும் உண்டு.

இன்சுலின் வந்த கதையும் கேட்கத்தக்கது. 1921இல் கனடாவின் டொரோண்டோ நகரில் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில், சாகக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள்; பிழைத்தான். மறு ஆண்டு பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு டாலர்! இன்றோ உலக இன்சுலின் சந்தையில் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் தருகிறார்கள். ஆனால் வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போகிறது. அந்த அரைநாளுக்கு அஞ்சியே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாலையிலும் மருந்து கொடுத்தால் என்ன? இதைச் சங்கம் கேட்கவேண்டும்.

"வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே" என்றார் தோழர். திறந்த புட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். கோடையில் மண்பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு, உள்ளே நனையாமல் வைக்கலாம். ஐஸ் கட்டியில் மட்டும் புதைக்கக் கூடாது. உறைந்தால் மருந்து பாழ்.

உண்மையில் அஞ்சவேண்டியவை வேறு இரண்டு. நம் நாட்டுப் புட்டிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ஊசிதான் பொருந்தும். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கானது. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். மற்றது, சர்க்கரை திடீரென இறங்குவது. கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். சாரத்தில் ஏறி நிற்பவனுக்கும், லாரி ஓட்டுபவனுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடிக்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். போட்ட ஊசிக்குச் சோறு உண்டாக வேண்டும். உண்ணாநோன்புப் பந்தலில் முதல் வரிசையில் உட்காரும் தோழர்களே, இது உங்களுக்குத்தான்!

எல்லாம் கேட்டுவிட்டு, "இரவு ஷிப்டு வந்தால் எப்போது போடுவது?" என்றார் அவர். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. மறுநாள் காலை இருவருமாகப் போய்க் கேட்டோம். வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் விசாரித்து, டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இப்போது அந்தச் சீட்டு தறிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது.