விற்பனைக்கு மூத்த மேனேஜர் வைக்கலாமா?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிகளில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வருகிறது. லைனுக்குப் போக இரண்டு சேல்ஸ்மேன்கள் உண்டு, சரக்கும் உண்டு. ஆனால் வியாபாரம் பழைய கடைகளைத் தாண்டுவதில்லை. சேலம், திருப்பத்தூர் பக்கம் விரிவாக்க, அனுபவசாலி ஒருவரை நல்ல சம்பளத்தில் அமர்த்தலாமா?

இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. ஓசூர் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஆலை அமைத்த டைட்டன், டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். கோத்ரெஜில் வேலை பார்த்த பாஸ்கர் பட், அதற்கும் முன்பே, 1983இல் டாடாவின் கடிகாரத் திட்டத்தில் சேர்ந்தார். கடிகாரம் கடைக்கு வந்ததோ 1987இல். விற்பனைப் பொறுப்பையும் பார்த்த அவர், 2002 முதல் 2019 வரை டைட்டனின் நிர்வாக இயக்குநராக இருந்தார்.

டாடாவின் பணபலம் நமக்கில்லை. நாம் பார்க்க வேண்டியது காலக்கணக்கு. ஆள் சேர்ந்த மூன்றாம் மாதமே 'என்ன லாபம்?' என்று கேட்பது நம் வழக்கம். புது ஊரில் ஒரு கடைக்காரர் முதல் சரக்கு எடுத்து, பணம் கொடுத்து, மறுபடி ஆர்டர் தரவே சில மாதம் பிடிக்கும். ஓராண்டுச் சம்பளத்தை ஒதுக்க முடியாதவர்கள் இன்னொரு சேல்ஸ்மேன் வைப்பதே மேல்.

சம்பளத்தைவிடக் கொடுக்கச் சிரமமானது அதிகாரம். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் முதலாளிக்குப் போன் போடும் மேனேஜர், பெரிய சம்பளம் வாங்கும் சேல்ஸ்மேன்தான். கடைக்காரர்களும் அதைச் சீக்கிரம் புரிந்துகொண்டு நேரே முதலாளியையே கூப்பிடுவார்கள். ஒரு கடைக்கு எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் கடன் என்று வரம்பு போட்டு, அதற்குள் அவர் முடிவே முடிவு என்று விட்டுவிட வேண்டும். மகனோ மைத்துனரோ குறுக்கே விலை சொல்லக்கூடாது. (இதுதான் நம் கடைகளில் நடப்பதில்லை!)

கமிஷனை பில் தொகைக்குக் கொடுக்காமல், வசூலான தொகைக்குக் கொடுக்க வேண்டும். மாதம் 10 லட்சத்துக்கு பில் போட்டு 6 லட்சம் வசூலானால், 1 சதவீதக் கமிஷன் 6,000 ரூபாய், 10,000 அல்ல. பாக்கி நின்றாலும் ஜி.எஸ்.டி.யை நாம் கட்டித்தானே ஆக வேண்டும்!

'விலகினால் போட்டியாளரிடம் சேரமாட்டேன்' என்று எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்போர் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி, வேலையை விட்டபின் ஒருவருடைய பிழைப்பைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனை செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறொருவருக்கும் சேர்த்து விற்கக்கூடாது என்பது செல்லும். ஆகவே புதுக் கடைகளின் பெயர், போன் எண், பாக்கி விவரம் எல்லாம் வாரந்தோறும் நம் பேரேட்டில் ஏறிவிட வேண்டும். மாதம் ஒருமுறை நாமும் ஏதாவது ஒரு லைனுக்குப் போய், விலை எதுவும் பேசாமல், பாக்கிப் பட்டியலைக் கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி வரலாம்.