பழைய வண்டி வானொலியின் கம்பிகள்

செம்பூரில் வாழும் நம் நண்பர் ஒருவர், தம் வீட்டுப் பரணிலிருந்து கனத்த இரும்புப் பெட்டி ஒன்றை இறக்கினார். தாராவியில் பழைய இரும்பு வாங்குவோரிடம் அதை எடைக்குப் போடுவதென்பது அவர் எண்ணம். அப்பெட்டி அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டியில் இருந்த இருவழி வானொலி என்று அறிந்ததும் நாம் குறுக்கிட்டோம். செம்பின் விலைக்காக உடைத்துவிட்டால் பிறகு மீட்க இயலுமா? ஆயினும் வரைபடம் ஏதுமில்லை. கம்பிகளின் நிறமோ அடையாளம் தெரியாமல் மங்கியிருந்தது.

1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசார் தம் வண்டிகளில் வைத்த வானொலி, செய்தியைக் கேட்க மட்டுமே பயன்பட்டது. வண்டியிலிருந்தே மறுமொழி கூறும் வசதி 1933இல் நியூஜெர்ஸியின் பேயோன் நகரில் ஏற்பட்டது. இவ்வகைக் கருவிகள் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவின.

வால்வுகள் இயங்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. வண்டியின் பாட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட்தான். இக்குறையை நிரப்ப இரு சாதனங்கள் உண்டு. வைப்ரேட்டர் என்பது மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் அதிர்தகடு. அவ்வாறு துடிக்கும் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் உயர்த்தித் தரும். டைனமோட்டரோ மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே அச்சில் அமைந்த பொறி. பல கருவிகளில் முன்னது கேட்கும் பகுதிக்கும், பின்னது பேசும் பகுதிக்கும் உரியது. பேசும் பொத்தானை அழுத்தினால் ரிலே ஒன்று டைனமோட்டரை ஓடவிடும்; மற்றொன்று ஏரியலைப் பேசும் பகுதியுடன் இணைக்கும்.

கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்பில் காலங்கழிக்கும் நமக்கு மின்சாரம் புதுமொழியே. விளங்காத வாக்கியத்தில் தெரிந்த சொல்லைப் பற்றிக்கொண்டு மேலே செல்வது நம் தொழில்வழக்கம். இங்கும் அதுவே கைகொடுத்தது. மாட்டுங்காவில் நம் கூடத்தில் பெட்டியை வைத்து, பாட்டரி இணைக்காமலே, லாமிங்டன் சாலையில் வாங்கிய மல்டிமீட்டரால் சோதித்தோம். தடித்த இரு கம்பிகள் பாட்டரிக்குரியவை. நடுவில் ஒற்றைக் கம்பியும் அதைச் சூழ்ந்து கம்பிவலையும் உள்ள வடம் ஏரியலுக்குச் செல்வது. எஞ்சிய மெல்லிய கம்பிக்கற்றை ஓட்டுநர் முன்னுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உரியது. ஒலிபெருக்கியின் இரு கம்பிகளுக்கிடையே சில ஓம்களே தடை இருக்கும். ஆதலால் அவை எளிதில் அகப்பட்டன. பேசும் பொத்தானை ஒருவர் அழுத்தியும் விட்டும் இருக்க, மற்றவர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், அழுத்தும்போது மட்டும் இணையும் கம்பி தானே வெளிப்படும். நிறத்தை நம்பிப் பயனில்லை. இடையில் யாரேனும் வேறு நிறக் கம்பியால் ஒட்டுப்போட்டிருக்கலாம். எங்கள் பெட்டியில் இரண்டு இடங்களில் அப்படித்தான் இருந்தது.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது பூமி முனையிலே. 1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வண்டிகளில் எதிர்முனை. முனை மாறினால் டைனமோட்டர் தரும் உயர் மின்னழுத்தமும் தலைகீழாகி, கண்டென்சர்கள் வெடிக்கவும் கூடும். எங்கள் நல்லூழ், பெட்டியின் அடியில் இருந்த தகட்டில் வோல்ட் அளவும் முனையும் பொறிக்கப்பட்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் தங்கியிருக்கும் மின்னூட்டம் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை முறைப்படி வெளியேற்றாமல் உள்ளே கைவைக்கலாகாது.

முதலில் வைப்ரேட்டரைக் கழற்றிவிட்டு, பியூஸ் வழியே பாட்டரியை இணைத்தோம். வால்வுகளில் மெல்லச் செந்நிறம் படர்ந்தது. பிறகு வைப்ரேட்டரைச் செருகியதும் வண்டு முரல்வது போல் ஓசை எழுந்தது. சற்றுப் பொறுத்து ஒலிபெருக்கியில் இரைச்சல். உள்ளிருக்கும் படிகம் குறித்த ஒரே அலையை மட்டும் இக்கருவி கேட்கும்; அந்த அலையில் யாரும் பேசக் காணோம். ஆயினும் நண்பர் வெகுநேரம் அதனருகிலேயே அமர்ந்திருந்தார்.

பேசும் பகுதியை நாம் இயக்கவில்லை. உரிமமின்றி அலைபரப்புவது குற்றம்.  டைனமோட்டரின் பியூஸைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி நண்பரிடம் கொடுத்தோம். கம்பிகள் ஒவ்வொன்றிலும் அதன் பெயரைத் தமிழில் எழுதிக் கட்டியிருக்கிறோம்.