தானே கூடும் மருந்தும் கேட்டு வாங்க வேண்டிய தாளும்

சோப்புத் தண்ணீரில் மூலக்கூறுகள் யாரும் அடுக்காமலே நுண்ணிய உருண்டைகளாகக் கூடிக்கொள்கின்றன. தண்ணீரை விரும்பும் தலை வெளியே நிற்க, எண்ணெயை விரும்பும் வால் உள்ளே ஒதுங்குகிறது. ஏறக்குறைய இதே வித்தையில் உருவான கொழுப்புக் குமிழுக்குள் டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை அடைத்த புற்றுநோய் ஊசிக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. குமிழில் அடைக்காத மருந்தைவிட இதயத்துக்கு வரும் கேடு இதில் குறைவு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிவது கூடுதல். 2012-இல் அங்கே தட்டுப்பாடு வந்தபோது வரவழைக்கப்பட்டது நம் சன் பார்மாவின் அதே வகை ஊசியான லிப்போடாக்ஸ். ஆனால் இந்த வகையில் இன்று செய்திகளில் அடிபடும் பலவும், கட்டிக்குள் சுரக்கும் நொதி பட்டதும் கூடி ஒளிர்ந்து நோயைக் காட்டும் பொருள்கள் உட்பட, இன்னும் ஆய்வுக்கூட எலிகளைத் தாண்டவில்லை. அனுமதி பெற்ற மருந்துக்கும் சோதனையில் இருப்பதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஏழை நோயாளி ஏமாற வாய்ப்பிருக்கிறது. இத்தகைய நுண்ணிய மருந்துகளைக் குறிக்கும் 'நானோ' என்ற சொல்லைப் புட்டியில் அச்சடிக்கப் பெரிய செலவில்லை. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம்.

நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் போய், சோதனையில் சேரக் கையெழுத்திடும் சம்மதத் தாளைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்மம் நினைவிருக்கட்டும். அன்று ஆந்திராவில் இருந்த அந்த மாவட்டத்தில் 2009-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில், சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. கெட்டது சம்மதம் வாங்கிய விதம். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார், சிகிச்சை நின்றுவிடும் என்ற பயத்துக்கும் 2019-ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளில் பதில் உண்டு: சோதனைக்கு மறுத்தாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உரிமை. ஆய்வுக்கான செலவை நோயாளி தலையில் கட்டுவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைக்கு விரோதம். அப்படிக் காசு கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கோரிமேடு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 'புது மருந்து' என்று யார் சொன்னாலும் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள். சோதனை என்றால், மருத்துவப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் அதன் எண்ணைக் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு நகல் உங்களுடையது, அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். அந்த நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.