கார் ஏன் குலுங்குகிறது?

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் சில வீட்டு வாசல்களில் பழைய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் நிற்கிறது; நின்றபடியே குலுங்கவும் செய்கிறது. காரணம் என்னவென்று பார்ப்போமா, தோழியரே?

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றைக் கலந்து தருவது கார்புரேட்டரின் வேலை. கார் குலுங்கியதும் பலர் அதன் திருகைத்தான் முதலில் திருகுகிறார்கள். நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது அது!

நான்கு சிலிண்டர்களில் சோம்பேறி எது என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். எஞ்சின் ஓடும்போதே மெக்கானிக் ரப்பர் உறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். (பல்லாயிரம் வோல்ட் மின்சாரம், நாம் தொடலாகாது.) கழற்றியதும் ஓட்டம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாற்றமே இல்லையென்றால் குற்றவாளி அதுவே.

பிறகு அதன் பிளக்கைப் பார்ப்போம். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; சோக் இழுத்தபடியே சிக்கியிருக்கலாம். வெளுத்திருந்தால் காற்று மிகுதி எனலாம். எண்ணெய்ப் பசை இருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அது பெரிய செலவு!

நான்கும் உழைத்தும் குலுக்கம் நிற்கவில்லையா? அப்போதுதான் கார்புரேட்டர் பக்கம் திரும்புவோம். அங்கும் திருகுக்கு முன் காஸ்கெட்டைக் கவனிக்க வேண்டும். அதில் காற்று கசிந்தால் 'உஸ்' என்ற ஒலியே காட்டிக்கொடுத்துவிடும்.