மான்பூண்டியா பிள்ளை

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859 - 1922) கஞ்சிரா கலைஞர். மாமுண்டியா பிள்ளை என்றும் அழைக்கப்படுகிறார். பஜனைக்கூடத்திலும் தெருவிலும் ஒலித்த ஒரு கைப்பறையைக் கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். தாள வாத்தியத்தில் புதுக்கோட்டை மரபு எனப்படும் வழியின் முதல்வர்.

இளமை, இசைக்கல்வி

திருவரங்குளம், குடுமியான்மலை போன்ற பழைய சிவாலயங்கள் நிறைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வாழ்ந்தவர். தொடக்கத்தில் கோயிலில் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தார். லயத்தின் மேல் ஏற்பட்ட ஈடுபாட்டால் மாரியப்ப தவில்காரரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் இவரது வாசிப்பிலும் மாணவர்களின் வாசிப்பிலும் காணப்பட்ட கணக்கு நுட்பத்துக்கு இந்தத் தவில் பயிற்சியே வேர்.

கஞ்சிரா

கஞ்சிரா பலாமரத்தைக் குடைந்து செய்த சிறு வளையம். குறுக்களவு ஏறத்தாழ 7 முதல் 9 அங்குலம். ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வளையத்தில் உள்ள பிளவில் இரண்டு மூன்று உலோக வில்லைகள் கோக்கப்பட்டிருக்கும். மிருதங்கத்தைப் போல இதற்குச் சுருதி சேர்க்க முடியாது. தோலின் உட்புறம் நீர் தெளித்து ஒலியைத் தாழ்த்துவார்கள். கச்சேரி நடுவே தோல் காய்ந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். வாசிப்பது ஒரே கை. மற்றொரு கை வாத்தியத்தைப் பிடித்தபடி, விரல் நுனியால் தோலை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும்.

இப்படி ஒரு கருவி, இரண்டு முகமும் இரண்டு கையும் உள்ள மிருதங்கத்தின் எதிரே அமர்ந்து தனியாவர்த்தனத்தில் பதில் சொல்லும் என்று அன்று எண்ணியவர்கள் குறைவு. மான்பூண்டியா பிள்ளை கருவியைத் திருத்தியமைத்து, மிருதங்கச் சொற்களையும் தவிலின் கணக்குகளையும் அந்த ஒரு கைக்குள் கொண்டுவந்தார். 1880-களில் இது நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது. தஞ்சாவூர் மிருதங்க மேதை நாராயணசாமி அப்பா இவரது வாசிப்பைக் கேட்டு ஆதரித்தார் என்பது இசை உலகில் வழங்கிவரும் செய்தி. தவில் வழி வந்த ஒருவருக்கு, புதிய வாத்தியத்தோடு, அந்த ஆதரவு சிறிய விஷயமல்ல.

மாணவர்கள்

இவரது மாணவர்களில் தலையாயவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875 - 1936). அரண்மனைக் காவல் பணியிலிருந்து இசைக்கு வந்த அவர், கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் புகழ்பெற்றார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில் அவரது கஞ்சிரா தவறாத அங்கம். மற்றொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908 - 1962) வழியாக இம்மரபு மிருதங்கத்தில் வேரூன்றியது.

பிற்காலம்

பின்னர் ஜி. ஹரிசங்கர் (1958 - 2002) கஞ்சிராவின் வேகத்தையும் தெளிவையும் வேறொரு எல்லைக்குக் கொண்டுசென்றார். 2024-ல் கிராமி விருது பெற்ற 'சக்தி' குழுவின் இசைத்தொகுப்பில் வி. செல்வகணேஷ் வாசித்தது இதே கஞ்சிராதான். தோல் மட்டும் மாறிவருகிறது. முன்பு உடும்புத் தோலே போர்த்தப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) உடும்பைக் காப்பதால், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் இப்போது பயன்படுகின்றன.