மங்கல் நிறமா, மங்கிய கண்ணா?

"பெங்களூர்ல இருக்கிற பேத்திக்கு ஸ்வெட்டர் பின்றேன் டாக்டர். நூல் எல்லாம் ஒரே டல்லா இருக்கு!" என்றார் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த அறுபது வயது அம்மா. சாம்பல் நீலமும் சாம்பல் பச்சையும் வாங்கியிருந்தார்.

எனக்கு இந்த நிறங்கள் ரொம்பப் பிடிக்கும். குளிர்கால விடியலில் பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். சாம்பல் தண்ணீர், பழுப்புச் சேறு, நடுவே பூநாரைகளின் லேசான ரோஜா. அவ்வளவு ஏன், நம் அஞ்சறைப் பெட்டியில் மல்லிக்கும் சீரகத்துக்கும் உள்ள வித்தியாசமே ஓர் அழகுதானே!

அதைப் பிரித்தறிய கண்ணின் லென்ஸ் தெளிவாக இருக்கணும். வயதாகிக் கண்புரை வளரும்போது லென்ஸ் மஞ்சளாகிறது. நீல ஒளி உள்ளே போவது குறைகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். மெதுவாக வருவதால் நாம் நூலைத்தான் குறை சொல்வோம்.

ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னேன். வலக்கண்ணுக்கு இரண்டு நூல். இடக்கண்ணுக்கு ஒரே நூல்! உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். முற்றிய புரையைக் கஷாயமோ சொட்டு மருந்தோ கரைக்காது, அறுவைதான் வழி. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

அந்த அம்மா இப்போது, நிறம் மாற்றிப் பின்னிய நாலு வரிசையைப் பிரித்துக்கொண்டிருக்கிறாராம்.